உள்பக்கம் மட்டும் தேய்ந்த பேட்: முன் பிரேக்கை வீட்டு வாசலிலேயே மாற்றிய அனுபவம்

என் கார் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய சின்ன பெட்ரோல் வண்டி. நம் ரோட்டில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களைப் போலவே முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். வீடு சேலத்தில் என்பதால் ஏற்காடு மலையில் அடிக்கடி ஏறி இறங்கும். அதன் முன் பிரேக் பேடுகளை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்தும் உராய்வுத் துண்டுகளை, வீட்டு வாசலில் வைத்தே மாற்றினேன். பேடைக் கழற்றி மாட்டுவது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை. ஆனால் பழைய பேட் எப்படித் தேய்ந்திருக்கிறது, ஏன் அப்படித் தேய்ந்தது என்று பார்க்காமல் புதுசை மாட்டினால் அது பாதி வேலைதான். மீதிப் பாதி, பேடை அழுத்தும் காலிப்பர் என்ற பாகம் வழுக்கி நகர்வதற்கான கம்பியில், அதாவது காலிப்பர் பின்னில் (pin) இருக்கிறது. இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது அதைத்தான்.

எப்படித் தெரிந்தது

முதலில் வந்தது சத்தம். ஐந்து ரோடு மேம்பாலத்துக்குக் கீழே கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போகும்போது, இடது பக்கத்திலிருந்து மெல்லிய கீச் சத்தம் தூண்களில் பட்டுத் திரும்பி வந்தது. சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப அதுவும் கூடிக் குறைந்தது. பிரேக்கை லேசாக மிதித்தால் நின்றது, காலை எடுத்தால் மறுபடி ஆரம்பித்தது. தூசியாலோ ஈரத்தாலோ வரும் சத்தம் இப்படி இருக்காது. மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க்கில் படிந்த துரு கிளப்பும் சத்தம் நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். இது போகவில்லை.

பல பேடுகளில் ஓரத்தில் ஒரு சின்ன தகட்டு நாக்கு வைத்திருப்பார்கள். பேடின் உராயும் பகுதி ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். வண்டி தானாகக் கொடுக்கும் எச்சரிக்கை அது. நான் கேட்டது அந்தச் சத்தம்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கொஞ்ச நாள் முன்பு வண்டியைக் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றாமல், வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, “பாதிக்கு மேல இருக்கு சார், தூசியா இருக்கும்” என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் பார்த்தது பொய் இல்லை. வெளிப்பக்க பேடில் நிஜமாகவே பாதி மிச்சம் இருந்தது. சிக்கல் என்னவென்றால், வீல் இடுக்கு வழியாகத் தெரிவது வெளிப்பக்க பேட் மட்டும்தான். டிஸ்க்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேடைப் பார்க்க வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும்.

டிஸ்க் பிரேக் தேய்வதைக் காலால் உணர முடியாது. காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி சதுர வெட்டு கொண்ட ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. பெடலை மிதித்தால் பிஸ்டன் முன்னால் வரும்போது அந்த சீல் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் முறுக்கு விட்டு, பிஸ்டனை இம்மியளவு பின்னால் இழுக்கும். பேட் தேயத் தேய பிஸ்டன் சீலில் வழுக்கி அந்த அளவுக்கு முன்னால் நகர்ந்து அங்கேயே நின்றுகொள்ளும். அதனால் புது பேடிலும் தேய்ந்த பேடிலும் பெடல் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்தான் பிடிக்கும். “பிரேக் நல்லாத்தான் பிடிக்குது” என்று பேட் தகடு தெரியும்வரை ஓட்டுகிறவர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

பிஸ்டன் முன்னால் நகர்ந்த இடத்தைப் பிரேக் ஆயில் நிரப்புகிறது. எனவே பேட் தேய்ந்தால் பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கும். என் வண்டியில் மேல் கோட்டில் இருந்த ஆயில் கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. சர்வீஸில் இப்படி இறங்கியதைப் பார்த்ததும் யோசிக்காமல் ஊற்றி நிரப்பிவிடும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் அந்த அடையாளமும் அழிந்துவிடும். ஆயில் இறங்கியிருந்தால் முதலில் எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்து பேடைப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் ஊற்றுவது.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரகரவென்று இரும்பு அரைபடும் சத்தம் வந்தால் பேட் முழுசாகத் தீர்ந்து, அதைத் தாங்கும் இரும்புப் பின்தகடு டிஸ்க்கைத் தின்கிறது. வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு காலிப்பர் சரியாக வேலை செய்யவில்லை. பெடலும் ஸ்டியரிங்கும் அதிர்ந்தால் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லை. பெடல் பொதபொதவென்று கீழே போனால் லைனில் காற்று, அல்லது கசிவு. பெடல் கல் மாதிரி இறுகிக்கொண்டால், கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டருக்கு வாக்குவம் வரவில்லை. ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்து, கருகல் வாடை வந்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மலை இறங்கும்போது என்ன நடக்கிறது

இதைத் தனியாக எழுதக் காரணம் ஏற்காடு. மேலே சுமார் 1,500 மீட்டர், கீழே சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 14 மெகாஜூல் ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது. இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் அதில் ஒரு நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தால் கிட்டத்தட்ட அத்தனையும் பிரேக்கின் தலையில்தான். அதிலும் பெரும்பங்கு முன் டிஸ்க்குகள் மேல் விழும்.

பேட் மெலிந்திருந்தால் அந்தச் சூடு சீக்கிரமாகப் பின்தகட்டைத் தாண்டி பிஸ்டனுக்கும், அங்கிருந்து ஆயிலுக்கும் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. டாட் 3 (DOT 3) தர ஆயில் புதுசில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140. டாட் 4 என்றால் 230, 155. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ் உருவாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரை தொடும், வண்டி நிற்காது. மெலிந்த பேடும் பழைய ஆயிலும் சேர்ந்த காரை மலையில் இறக்குவது எனக்குச் சம்மதம் இல்லை. அதனால்தான் சத்தம் வந்த வாரமே சாமான் வாங்கப் போனேன்.

சாமான்

பிரேக் பேட் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1962-ல் பாடியில் ஆரம்பித்த பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூர்ப் பக்கம் வளர்ந்த ரானே பிரேக் லைனிங், பாடியிலேயே இருக்கும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று நாட்டின் பெரிய பிரேக் கம்பெனிகளில் பல சென்னையின் மேற்கு ஓரத்தில்தான் வேர் விட்டன. நல்ல பேட் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும். போலியும் அதே சுலபத்தில் கிடைக்கும் என்பதால் பில் தராத கடையில் வாங்காதீர்கள். என் வண்டி அளவுக்கு நான்கு பேட் கொண்ட முன் செட் ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை விற்கிறது.

கடையில் பெட்டியைப் பிரித்துப் பார்த்துதான் வாங்கினேன். வண்டி வருஷத்தையும் மாடலையும் சொன்னதும் கடைக்காரர் எடுத்துப் போட்டார். “அண்ணே, நாக்கு வச்ச பேட் இருக்கா?” என்று கேட்டேன். “இருக்குங்க, ரெண்டு பேட்ல வரும், அதை உள்பக்கம் போடுங்க” என்று காட்டினார். சரியான ஆள். நாக்கு இல்லாத மலிவு செட்டும் அதே அலமாரியில் இருந்தது. முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அந்த எச்சரிக்கையை விட்டுக்கொடுப்பது சரியில்லை.

பின்தகட்டின் ஓரத்தில் அச்சடித்த எழுத்துகளின் கடைசியில் இரண்டு எழுத்து சேர்ந்து வரும்: ஈஈ, எஃப்எஃப், ஜிஜி என்பது போல. அது உராய்வுத் தரம். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது அதிகச் சூட்டில். ஈ என்றால் உராய்வுக் கெழு 0.25-லிருந்து 0.35, எஃப் என்றால் 0.35-லிருந்து 0.45, ஜி என்றால் 0.45-லிருந்து 0.55. மலை ஏறி இறங்கும் வண்டிக்கு இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் குறைந்த தரமாக இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. நான் வாங்கியது எஃப்எஃப்.

மற்றவை: வீல் ஸ்பேனர், ஜாக்கி, ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு, ரிங் ஸ்பேனர் (காலிப்பர் போல்ட் வண்டிக்கு வண்டி மாறும், 12 அல்லது 14 இருந்தால் பெரும்பாலும் போதும்), காலிப்பர் பின் சுற்றாமல் பிடிக்க ஒரு மெல்லிய ஓப்பன் ஸ்பேனர், சி கிளாம்ப், கம்பி பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்பிரே, கட்டுக்கம்பி, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க டார்க் ரெஞ்ச், முகக்கவசம். அப்புறம் பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ். இந்தக் கடைசிப் பொருளில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயில் செய்தது. பிரேக் ரப்பர் அதைக் குடித்து ஊதிவிடும், ஊதினால் பின் இறுகும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவுவதும் அதே காரணத்தால் ஆகாது.

கழற்றியது

வாசலில் சமதளமான சிமெண்ட் தரை இருக்கிறது, அதனால் அங்கேயே நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தேன். ஹேண்ட் பிரேக் பின் டிரம்மைப் பிடிப்பதால் முன்னால் தூக்கும்போது அது துணை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன் மேல் இறக்கி, கையால் ஆட்டிப் பார்த்தேன். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியில் கை வைக்கவே கூடாது. ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல், ஹாலோ பிளாக் வைப்பதும் வேண்டாம். அவை சொல்லாமல் நொறுங்கும்.

ஒரு பக்கம் முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போக வேண்டும். எந்த கிளிப் எப்படி உட்கார்ந்தது என்று சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்தால் காலிப்பரின் பின்புறம் வெளியே வரும், போல்டுகளுக்கு ஸ்பேனர் தாராளமாக எட்டும்.

பிரேக் தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ சுத்தம் செய்யாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நுரையீரலுக்குப் போக வேண்டிய பொருள் இல்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு, கிளீனரால் நனைத்து, வழிவதைக் கீழே ஒரு பழைய டிரேயில் பிடித்தேன்.

இரண்டு போல்டையும் கழற்றியதும் காலிப்பர் கையோடு வந்திருக்க வேண்டும். இடது பக்கம் வரவில்லை. மேல் பக்கம் அசைந்தது, கீழ்ப் பக்கம் நகரவே இல்லை. மெதுவாக ஆட்டி ஆட்டித்தான் எடுத்தேன். எடுத்த காலிப்பரை அதன் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைத்தேன். அந்த ரப்பர் ஹோஸ் எடை தாங்குவதற்காகச் செய்தது இல்லை.

பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது விஷயம் விளங்கியது. வெளிப்பக்க பேடில் 6 மில்லிமீட்டர் மிச்சம். உள்பக்க பேடில் ஒரு முனையில் 3, மறு முனையில் 2 கூட இல்லை. நாக்கின் நுனி டிஸ்க்கில் தேய்ந்து வெள்ளி நிறத்தில் பளபளத்தது. வலது பக்கத்தைப் பிறகு கழற்றியபோது உள்ளும் வெளியும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஒரே வண்டி, ஒரே கால், ஒரே ரோடு. இடது உள்பக்கம் மட்டும் ஏன் இப்படி?

பின்

சின்ன கார்களின் காலிப்பரில் ஒரே ஒரு பிஸ்டன்தான், அதுவும் உள்பக்கம் மட்டும். மிதித்தால் பிஸ்டன் உள்பக்க பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும். டிஸ்க் நகராது என்பதால் காலிப்பர் உடம்பே எதிர்ப்பக்கம் வழுக்கிப் போய் வெளிப்பக்க பேடை இழுத்து அழுத்தும். அப்படி வழுக்குவதற்கு இரண்டு பின்கள். அவை சுலபமாக நகர்ந்தால் இரண்டு பேடும் சமமாகத் தேயும். ஒரு பின் இறுகினால் வெளிப்பக்கம் சும்மா இருக்கும், உள்பக்கம் மட்டும் பாடுபடும். மேல் பின் நகர்ந்து கீழ்ப் பின் நகராவிட்டால் காலிப்பர் கோணலாக அழுத்தும், பேடும் சாய்வாகத் தேயும். என் கையில் இருந்த உள்பக்க பேட் அதை அப்படியே காட்டியது.

கீழ்ப் பின்னை மூடும் ரப்பர் உறை, அதாவது பூட், அதன் பள்ளத்திலிருந்து நழுவியிருந்தது. அந்த இடைவெளி வழியாக எத்தனை மழையில் தண்ணீரும் சேறும் போயினவோ, உள்ளே கிரீஸ் என்று எதுவும் மிச்சம் இல்லை. காய்ந்து பழுப்பான பொருக்கு மட்டும் இருந்தது. ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாகச் சின்னச் சின்னதாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பலிலும் கொஞ்சம் வெளியே இழுத்துத்தான் பின் வந்தது. சுத்தியலால் அடித்து எடுத்தால் பின் வளையும், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் காதும் கெடும்.

பின்னில் துருக் குழி விழுந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். என் பின்னில் மேலோட்டமான துருதான். நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பின்னைச் சுற்றிப் பிடித்துத் துடைத்தேன். விரலை ஓட்டினால் எங்கும் தட்டாத அளவுக்கு. பிராக்கெட்டின் துளைக்குள் கிளீனர் அடித்து, நூல் விடாத துணியைக் குச்சியில் சுற்றிப் பழுப்பு வராதவரை துடைத்தேன். நழுவிய பூட் விறைத்துப்போயிருந்ததால் பூட் கிட் ஒன்று வாங்கி நான்கையும் மாற்றினேன். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிகிற விஷயம். சில வண்டிகளில் இரண்டு பின்னில் ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். மேல், கீழ் மாற்றிப் போட்டுவிடாமல் கழற்றும்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீஸ் பூசுவதில் அளவு முக்கியம். பின் முழுக்க மெல்லிய படலமாக இருந்தால் போதும். துளையை நிரப்பினால் பின் உள்ளே போக இடம் இல்லாமல் திரும்பத் திரும்ப வெளியே தள்ளிக்கொண்டு வரும். பின்னைச் செருகி, பூட்டின் உதட்டை விரலால் லேசாகப் பிரித்து உள்ளே மாட்டிய காற்றை விட்டேன். அதன் பிறகு இரண்டு விரலால் தள்ளினால் போனது, இழுத்தால் வந்தது. கொஞ்ச நேரம் முன்பு ஸ்பேனருக்கே மசியாத பின்! இந்தச் சோதனையில் தேறாத காலிப்பரில் புது பேடை மாட்டினால் சில மாதத்தில் மறுபடி உள்பக்கம் மட்டும் தேய்ந்து நிற்கும்.

பேடின் இரு காதுகளும் உட்காரும் ஸ்டீல் கிளிப்புகளையும் கழற்றினேன். அவற்றுக்கு அடியில் பிராக்கெட்டில் துரு ஏறி, கிளிப்பை மேலே தூக்கி, பேடை இறுக்கிப் பிடிப்பதும் வழக்கமாக நடப்பதுதான். கம்பி பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது பேடோடு வந்த புதுக் கிளிப்புகளைப் போட்டேன். பேட் அதில் விரலால் தள்ளினாலே நகர வேண்டும், தட்டி ஏற்றும்படி இருக்கக் கூடாது.

டிஸ்க், பிஸ்டன், மாட்டுவது

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். பேட் படாத விளிம்பு தேயாமல் வரம்பாக நிற்பதால் வெர்னியரை நேராக வைத்தால் அந்த வரம்பைத்தான் அளக்கும், டிஸ்க் நல்லா இருப்பதாகத் தப்புக் கணக்கு வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நாணயம் ஒன்றை வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்தேன். குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலேயே இருந்தது, நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலும் இல்லை. அதனால் டிஸ்க்கை லேத்துக்குக் கொடுக்காமல் கிளீனரால் மட்டும் துடைத்தேன். தடிமன் குறைந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதுதான் வழி.

புது பேட் தடிமனானது. அதற்கு இடம் கொடுக்க பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். முதலில் பிஸ்டன் பூட்டில் கிழிசலோ ஈரமோ இருக்கிறதா என்று பார்த்தேன். ஈரம் இருந்தால் சீல் போயிருக்கிறது, அந்த வேலை மெக்கானிக்குடையது. இல்லை என்றதும் பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்பால் அவசரப்படாமல் திருகினேன். தள்ளத் தள்ள ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். மூடியைத் தளர்த்தி, மேல் கோட்டைத் தாண்டும்போது சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் தின்றுவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பின் சக்கரத்திலும் டிஸ்க் இருந்து, எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக்கும் உள்ள வண்டிகளில் பின் பிஸ்டனை இப்படித் தள்ளவே கூடாது. அதைச் சர்வீஸ் மோடில் போட்டுத்தான் பின்னிழுக்க வேண்டும்.

நாக்கு வைத்த பேட் உள்பக்கம், மற்றது வெளியே. காதுகளிலும் பின்தகட்டில் பிஸ்டன் தொடும் இடத்திலும் துளி கிரீஸ். உராயும் முகத்தில் கைரேகைகூடப் படாமல் பார்த்துக்கொண்டேன். காலிப்பர் போல்டுக்கு டார்க் ரெஞ்ச்தான். பெரும்பாலான சின்ன கார்களில் அதற்கான இறுக்கம் வீல் நட்டுக்குத் தேவைப்படுவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், கைபலத்தைக் காட்டினால் மரை போய்விடும். உங்கள் வண்டிக்கான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு கடைசி இறுக்கம்.

அடுத்தது பெடல். இதைச் செய்யாமல் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள். தங்கை மகனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து மிதிக்கச் சொன்னேன். “மாமா, பெடல் அப்படியே கீழ போகுது!” என்று பதறினான். “ஒண்ணும் இல்லடா, மெதுவா மிதிச்சுக்கிட்டே இரு.” உள்ளே தள்ளிய பிஸ்டன்கள் பேடைத் தொடும்வரை முன்னால் வர வேண்டும், அதுவரை பெடலில் பிடிப்பு இருக்காது. சில மிதிகளில் பெடல் கெட்டியாகி மேலே நின்றது. அந்த முதல் மிதி தெருவில் நடந்திருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் விளக்கினேன். பிறகு ஆயில் மட்டத்தைப் பார்த்தேன், ஊற்றாமலேயே மேல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இரண்டு வருஷம் தாண்டிய ஆயில் என்பதால் அதை முழுசாக மாற்றி, லைனில் உள்ள காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) மட்டும் வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன்.

பழக்கியதும் பிறகு பார்த்ததும்

புது பேட் மாட்டியவுடன் முழுத் திறனோடு பிடிக்காது. டிஸ்க்கின் மேல் பேடின் பொருள் சீரான மெல்லிய படலமாக ஏற வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, இப்படியே பத்து தடவை போல. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது முழுசாக நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்து, பிறகு பெடல் அதிரும். கடைசியில் பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டித்தான் வீட்டுக்கு வந்தேன். மாட்டிய சில நாளில் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபார்த்தேன்.

அடுத்து ஏற்காடு போய் இறங்கியதும் அடிவாரத்தில் நிறுத்தி, இரண்டு முன் சக்கரங்களுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், தொடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடு. முன்பெல்லாம் அங்கே டீ குடிக்க நிறுத்தும்போது சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணும், விரிசலும் விடலாம். கடைசி சில வளைவுகளை இன்னும் மெதுவாக எடுத்து, காற்றிலேயே ஆறவிடுங்கள்.

டயர் மாற்றிப் போடும் நேரம் வந்தபோது சக்கரம் எப்படியும் கழன்றிருந்ததால் நான்கு பேடையும் அளந்தேன். இடது உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் வித்தியாசம் அரை மில்லிகூட இல்லை. கீழ் போல்டை மட்டும் கழற்றி அந்தப் பின்னைத் தள்ளிப் பார்த்தேன், விரலுக்கே நகர்ந்தது. பூட் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. இனி ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் இந்த இரண்டையும் பார்ப்பதாக வண்டி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே அடுத்த வரி, பின் டிரம்மைத் திறந்து, அங்கே பேடின் வேலையைச் செய்யும் ஷூவின் தடிமனை அளக்க வேண்டும்.